மலாக்காவில் நேரடி இசை: எங்கே போகலாம், எங்கே நின்று கேட்கலாம்?

"மலாக்காவுல கான்சர்ட்டே இல்லப்பா, எல்லாம் கே.எல்.லதான்." இந்த வசனத்தை நீங்களும் ஒருமுறையாவது சொல்லியிருப்பீங்க. அதில் பாதி உண்மை. பெரிய நட்சத்திரங்கள் வரும் மேடைகள் கோலாலம்பூரில்தான் இருக்கின்றன. ஆனால் நேரடி இசை என்றால் அது மட்டும்தானா? ஜாசின் பக்கம் ஒரு தோட்டத்து ஆலயத் திடல், செங் மலையடிவாரம், காஜா பெராங் கம்போங், ஒரு டேவான், ஒரு பாடாங் என்று மலாக்காவில் இசை கேட்க இடம் நிறையவே இருக்கு. எங்கே, எப்போது, எப்படி என்று தெரிந்தால் போதும்.

சுருக்கமாக:

• டிக்கெட் இல்லாமல் கேட்கக்கூடியவை: தோட்டத்து ஆலயத் திருவிழா, செங் மாசி மகம், கம்போங் செட்டி திருவிழா, ஜோங்கர் வாக் மேடை.
• டிக்கெட் வாங்க வேண்டியிருக்கக்கூடியவை: ஆயர் குரோ, கோத்தா லக்சமானா பக்கம் உள்ள பெரிய அரங்குகள்.
• புக்கிட் ஜாலில் போவதென்றால்: காரே தேவையில்லை. ஆனால் திரும்பி வரும் வழியை முதலில் பாருங்க.
• காது முக்கியம். பணமும் முக்கியம். இரண்டையும் எப்படிக் காப்பாற்றுவது என்பது கீழே.

தோட்டத்து ஆலயத் திடல்

மலாயாவில் வாணிப அளவில் ரப்பர் பயிரிடப்பட்ட முதல் இடம் எது தெரியுமா? மலாக்காதான். 1896இல் டான் சாய் யான் என்ற மலாக்கா வணிகர் புக்கிட் லிந்தாங்கில் ரப்பர் நட்டார். பிறகு புக்கிட் அசகானில் இன்னும் பெரிய தோட்டம் போட்டார். பால்மரம் வந்த இடமெல்லாம் தமிழ்நாட்டிலிருந்து ஆட்கள் வந்தார்கள். லயம் வந்தது, பள்ளி வந்தது, மாரியம்மன் கோயிலும் வந்தது. கோயிலுக்கு முன்னால் ஒரு திடல். நம்ம ஊரின் முதல் கச்சேரி மேடை அந்தத் திடல்தான்.

ஆண்டுத் திருவிழா எப்போது என்பது தோட்டத்துக்குத் தோட்டம் மாறும். ஒரே நாளில் எல்லா இடத்திலும் நடப்பதில்லை என்பது இசை ரசிகருக்கு நல்லதுதான். பொதுவாக ஒரு வார இறுதி முழுவதும் நடக்கும்: கரகம் எடுப்பது, காவடி அல்லது தீமிதி, இரவில் சாமி ஊர்வலம். ஊர்வலத்துக்கு முன்னால் நாதஸ்வரமும் தவிலும், இல்லையென்றால் உறுமி மேளம். சில இடங்களில் கடைசி இரவு ஒரு மேடை போட்டு, உள்ளூர் இசைக்குழுவின் கலைநிகழ்ச்சியும் உண்டு.

உறுமி மேளத்தைப் பக்கத்தில் நின்று கேட்டிருக்கீங்களா? அடுத்த முறை வாசிப்பவரின் கையைக் கவனியுங்க. ஒரு பக்கத் தோலை மெல்லிய குச்சியால் அடிப்பார். இன்னொரு பக்கத்தில் வளைந்த குச்சியை அழுத்தித் தேய்ப்பார். அந்தத் தேய்ப்பில்தான் 'ம்ம்ம்' என்று உறுமல் வருகிறது, பெயரும் அதனால்தான். போனில் எடுத்த வீடியோவில் இந்த உறுமல் பாதி காணாமல் போகும். போனின் சின்ன மைக்கும் ஸ்பீக்கரும் அவ்வளவு தாழ்ந்த ஒலியைப் பிடிக்காது, தராது. நேரில் கேட்டால்தான் நெஞ்சில் அதிரும்.

உங்க தாத்தா பாட்டி இருந்த தோட்டத்தில் இப்போது குடியிருப்பு இல்லாமல் இருக்கலாம். ஆனாலும் பல இடங்களில் கோயில் மட்டும் செம்பனை மரங்களுக்கு நடுவில் நிற்கிறது. திருவிழா அன்று எல்லாரும் திரும்பி வருவாங்க. தேதி தெரிய வேண்டுமென்றால், கோயில் நிர்வாகத்தின் முகநூல் பக்கத்தையோ உங்க வீட்டுப் பெரியவங்களையோ கேட்பதுதான் நிச்சயமான வழி.

போகும்போது கவனிக்க: அது வழிபாட்டு இடம். கரகத்துக்கும் காவடிக்கும் வழி விட்டு நில்லுங்க. அருள் வந்தவர்களின் முகத்துக்கு நேராகப் போனை நீட்டாதீங்க.

செங்: மாசி மகம்

பினாங்குக்கும் பத்துமலைக்கும் தைப்பூசம் என்றால், மலாக்காவுக்கு மாசி மகம். பிப்ரவரி அல்லது மார்ச்சில் வரும். ஜாலான் துக்காங் எமாஸில் உள்ள ஸ்ரீ பொய்யாத விநாயகர் மூர்த்தி ஆலயத்திலிருந்து ரதம் புறப்பட்டு, செங்கில் உள்ள சன்னாசிமலை ஆண்டவர் ஆலயத்துக்குப் போகும். பொய்யாத விநாயகர் ஆலயம் 1781இல், டச்சு ஆட்சிக் காலத்தில் எழுந்தது. அதே தெருப்பக்கம் கம்போங் கிளிங் மசூதியும் செங் ஹூன் தெங் சீனக் கோயிலும் இருப்பதால், அதை நல்லிணக்கத் தெரு என்றும் சொல்வாங்க. 2008இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியத் தலமாக அறிவித்த பகுதிக்குள்தான் இது வருகிறது.

இசைக்காகப் போகிறவர்களுக்கு இதில் இரண்டு தருணங்கள் இருக்கு. ஒன்று, ரதம் புறப்படும் நேரம். குறுகிய தெரு, இரண்டு பக்கமும் கடை வீடுகள். நாதஸ்வர ஒலி சுவரில் பட்டுத் திரும்பி, நாலு பக்கத்திலிருந்தும் கேட்கும். இன்னொன்று, செங்கில் காவடிகள் வரும் நேரம். அது திறந்தவெளி என்பதால் ஒவ்வொரு காவடியோடு வரும் மேளமும் தனித்தனியாக நெருங்கி வந்து விலகிப் போகும். ஒரே இடத்தில் அரை மணி நேரம் நின்றால் பல குழுக்களின் கைவண்ணத்தை ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

காஜா பெராங்: மலாய் பேசும் நம்ம சொந்தக்காரங்க

காஜா பெராங்கில் உள்ள கம்போங் செட்டிக்குப் போயிருக்கீங்களா? மலாக்கா சுல்தான்கள் காலத்தில் வந்து, இங்கேயே திருமணம் செய்து குடியேறிய தமிழ் வணிகர்களின் வழித்தோன்றல்கள்தான் மலாக்கா செட்டிகள். நாட்டுக்கோட்டைச் செட்டியார்கள் வேறு, இவங்க வேறு. வீட்டில் பேசுவது ஒருவகை மலாய். கும்பிடுவது மாரியம்மனை. மே மாத வாக்கில் அங்குள்ள மாரியம்மன் ஆலயத் திருவிழா நடக்கும். 'டத்தோ சச்சார்' என்று அவங்க சொல்வது அதைத்தான்.

இசை ரசிகர்கள் இந்தச் சமூகத்தைத் தெரிந்துகொள்ள இன்னொரு காரணம் டொண்டாங் சாயாங். வயலின், ரெபானா, கோங் பின்னணியில் இரண்டு பேர் எதிரெதிரே நின்று பந்துன் பாடுவாங்க. ஒருவர் நாலு வரி பாடினால், அதற்கு மற்றவர் அங்கேயே பதில் கட்டிப் பாட வேண்டும். ராப் பேட்டில் ரசிகரா நீங்க? அப்படியென்றால் இது உங்களுக்கு உடனே புரியும். 2018இல் யுனெஸ்கோ மனிதகுலத்தின் அருவப் பண்பாட்டு மரபுப் பட்டியலில் டொண்டாங் சாயாங்கைச் சேர்த்தது. மலாக்காவில் அதைப் பாடிவரும் சமூகங்கள் நான்கு: மலாய்க்காரர், பாபா நியோன்யா, செட்டி, போர்த்துகீசியர். நம் வேரிலிருந்து வந்த ஒரு சமூகமும் அந்த நாலில் ஒன்று.

நகரத்து மேடைகள்

ஜோங்கர் வாக்: வெள்ளி, சனி, ஞாயிறு இரவுகளில் நடக்கும் பாசார் மாலாம். தெருவின் கோடியில் ஒரு மேடை உண்டு. பெரும்பாலும் சீனப் பாட்டுகள், பாடுவது பல நேரம் உள்ளூர்ப் பெரியவர்கள். அக்கம்பக்கத்து ஆட்களே வாராவாரம் மேடையேறும் பழக்கம் எப்படி நிலைக்கிறது என்று பார்க்க நல்ல இடம்.

உஜோங் பாசிர் போர்த்துகீசியர் குடியிருப்பு: ஜூன் கடைசியில் வரும் சான் பெட்ரோ திருவிழா மீனவர்களின் திருவிழா. பிரான்யோ ஆட்டமும் இசையும் பார்க்கலாம். டொண்டாங் சாயாங் கேட்ட காதோடு இதைக் கேட்டுப் பாருங்க. இரண்டுக்கும் உள்ள உறவு புரியும்.

பண்டார் ஹிலிர், பாடாங் பாலவான்: 1956 பிப்ரவரி 20ஆம் தேதி துங்கு அப்துல் ரஹ்மான் சுதந்திரத் தேதியை அறிவித்த திடல். இப்போது அதன் அடியில் டத்தாரான் பாலவான் பேரங்காடி இருக்கு.

ஆயர் குரோ, எம்.ஐ.டி.சி.: மலாக்கா அனைத்துலக வர்த்தக மையம். கண்காட்சிக்கும் மாநாட்டுக்கும் கட்டியது. இடம் பெரிது, கார் நிறுத்த வசதி உண்டு.

கோத்தா லக்சமானா, என்கோர் மலாக்கா: 2018இல் திறந்த அரங்கம். சுமார் 2,000 இருக்கைகள். பார்வையாளர் பகுதியே 360 பாகை சுழலும். மலாக்காவின் கதையைச் சொல்லும் ஒரு காட்சிக்காகக் கட்டியது. ஒலி, ஒளி வசதியோடு கட்டிய அரங்கில் உட்கார்ந்து கேட்பது எப்படி இருக்கும் என்பதற்கு மலாக்காவில் நல்ல எடுத்துக்காட்டு.

டேவானில் ஏன் பாட்டு புரிய மாட்டேங்குது?

தமிழ் நிகழ்ச்சிகள் பல, டேவான் அல்லது ஆலய மண்டபத்தில்தான் நடக்கின்றன. அங்கே போய், "பாடகர் என்ன பாடுறார்னே புரியல" என்று நீங்க முணுமுணுத்திருக்கலாம். தப்பு பாடகருடையது இல்லாமல் இருக்கலாம்.

சிமெண்டுச் சுவரும் தகரக் கூரையும் வழுவழு தரையும் ஒலியை உறிஞ்சாது, திருப்பி அனுப்பும். ஒரு சொல்லின் எதிரொலி அடங்கும் முன் அடுத்த சொல் வந்துவிடுகிறது. மெதுவான மெலடி ஓரளவு தாங்கும். வேகமான தவில், ராப், டிரம்ஸ் எல்லாம் குழம்பிப் போகும். ஆள் நிறைந்தால் நிலைமை கொஞ்சம் சரியாகும், ஏனென்றால் மனித உடலும் துணியும் ஒலியை உறிஞ்சும். மாலை ஆறு மணிக்குக் காலி மண்டபத்தில் ஒலிச் சோதனை செய்தது ஒன்று, ஒன்பது மணிக்குக் கேட்பது வேறொன்று.

அதனால் மண்டபத்தில்:

• பின்சுவரை ஒட்டி உட்காராதீங்க. அங்கே எதிரொலி அதிகம்.
• மேடைக்கு நேர் எதிரே, நடுவரிசைக்குக் கொஞ்சம் முன்னால் இடம் பிடியுங்க.
• ஒலிக் கலவை மேசை எங்கே இருக்கிறதென்று பாருங்க. ஒலிப்பொறியாளர் தன் காதில் கேட்பதை வைத்துத்தான் எல்லாவற்றையும் சரிசெய்கிறார். அவர் பக்கத்தில் நின்றால் அவர் கேட்பதையே நீங்களும் கேட்பீங்க.

திறந்தவெளியில் கணக்கு வேறு. எதிரொலி இல்லை, ஆனால் ஒலி சீக்கிரம் தேயும். ஸ்பீக்கரிலிருந்து உள்ள தூரம் இரட்டிப்பானால் ஒலி சுமார் 6 டெசிபல் குறையும். ஒலி ஒரு நொடிக்கு ஏறக்குறைய 340 மீட்டர்தான் போகும். நூறு மீட்டர் தள்ளி நின்றால், டிரம்ஸ் குச்சி விழுவதைப் பார்த்த பிறகுதான் சத்தம் வரும். பெரிய திடல்களில் நடுவே கூடுதல் ஸ்பீக்கர் கோபுரம் வைத்து, அதன் ஒலியைக் கொஞ்சம் தாமதமாக விடுவது இதைச் சரிக்கட்டத்தான்.

காது பத்திரம்

85 டெசிபல் ஒலியை ஒரு நாளில் எட்டு மணி நேரத்துக்கு மேல் கேட்பது நல்லதில்லை என்பது பரவலாக ஏற்கப்பட்ட அளவு. அதற்கு மேல் ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் பாதுகாப்பான நேரம் பாதியாகும். அப்படிப் பார்த்தால் 100 டெசிபலுக்கு 15 நிமிடம்தான். இசை நிகழ்ச்சி நடக்கும் இடங்களில் 15 நிமிடச் சராசரி 100 டெசிபலைத் தாண்டக்கூடாது என்று உலகச் சுகாதார நிறுவனம் 2022இல் வெளியிட்ட தரநிலை சொல்கிறது. அமைதியாக உட்கார ஓர் இடமும் காதுக்கு அடைப்பானும் தர வேண்டும் என்றும் அது கேட்கிறது.

தோட்டத்துத் திருவிழாவில் யார் அளந்து பார்க்கப் போறாங்க? நீங்களேதான். பக்கத்தில் நிற்பவரிடம் பேசக் கத்த வேண்டியிருந்தால், ஒலி அளவு மீறிவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்க. பத்தடி பின்னால் வாங்க. மருந்தகத்தில் சில ரிங்கிட்டுக்கு நுரை அடைப்பான் கிடைக்கும். குழந்தைகளை ஸ்பீக்கருக்கு முன்னால் உட்கார வைக்கவே வேண்டாம். மறுநாள் காலையிலும் காதில் 'கீ' என்று கேட்டால் மருத்துவரைப் பாருங்க.

புக்கிட் ஜாலில் போவதென்றால்

ஏ. ஆர். ரஹ்மான் 2023 ஜனவரி 28ஆம் தேதி புக்கிட் ஜாலில் தேசிய அரங்கில் நிகழ்ச்சி நடத்தினார். அப்போது போக முடியாமல் போனவர்கள் சொன்ன காரணம் பல நேரம் ஒன்றுதான்: "கார் இல்ல."

கார் இல்லாமலும் போகலாம். மலாக்கா சென்ட்ரலிலிருந்து டி.பி.எஸ். முனையத்துக்குப் பேருந்து உண்டு. டி.பி.எஸ்.ஸை ஒட்டியே பண்டார் தாசேக் செலாத்தான் நிலையம். அங்கிருந்து ஸ்ரீ பெட்டாலிங் தட எல்.ஆர்.டி.யில் இரண்டாவது நிறுத்தம் புக்கிட் ஜாலில். அலோர் காஜா, புலாவ் செபாங் பக்கம் இருப்பவர்களுக்கு இன்னொரு வழி: புலாவ் செபாங்/தம்பின் நிலையத்திலிருந்து கம்யூட்டர் ரயில். அதுவும் பண்டார் தாசேக் செலாத்தானில் நிற்கும்.

போவது சுலபம், திரும்புவதுதான் சிக்கல். நிகழ்ச்சி முடிந்து கூட்டம் கலைய நள்ளிரவு ஆகிவிடும். கடைசி எல்.ஆர்.டி., கடைசிப் பேருந்து இரண்டின் நேரத்தையும் டிக்கெட் வாங்கும் முன்பே பாருங்க. நாலு பேராகச் சேர்ந்து ஒரு அறை எடுத்துத் தங்குவது, தூக்கக் கலக்கத்தில் நெடுஞ்சாலையில் 150 கிலோமீட்டர் ஓட்டுவதைவிட எவ்வளவோ மேல்.

கடப்பிதழ் இருந்தால் தெற்கேயும் பார்க்கலாம். சிங்கப்பூரில் 2002இல் திறந்த எஸ்பிளனேட் அரங்கில் 'கலா உத்சவம்' என்ற இந்தியக் கலை விழா ஆண்டுதோறும் நடக்கிறது. டிக்கெட் நிகழ்ச்சிகளோடு இலவச நிகழ்ச்சிகளும் உண்டு.

டிக்கெட் வாங்கும் முன்

ஏற்பாட்டாளரின் அதிகாரப்பூர்வப் பக்கத்தில் உள்ள இணைப்பில் மட்டும் வாங்குங்க. "என்னால போக முடியல, பாதி விலைக்குத் தரேன்" என்று டெலிகிராமில் யாராவது வந்தால், அவர் தரும் வங்கிக் கணக்கு எண்ணையும் தொலைபேசி எண்ணையும் காவல்துறையின் செமாக் மூல் தளத்தில் தேடிப் பாருங்க. புகார் இருந்தால் காட்டும். ஆனால் அங்கே ஒன்றும் காட்டவில்லை என்பதாலேயே அவர் நல்லவர் என்று ஆகிவிடாது. பணம் அனுப்பி ஏமாந்துவிட்டால் உடனே உங்க வங்கியையோ 997 எண்ணையோ அழையுங்க. அது தேசிய மோசடி பதில் நடவடிக்கை மையம். தாமதிக்கத் தாமதிக்கப் பணத்தைப் பிடிப்பது கஷ்டம்.

பெரிய நிகழ்ச்சியும் ரத்தாகலாம். சிப்பாங்கில் 2023 ஜூலையில் நடந்த குட் வைப்ஸ் இசை விழா, முதல் நாளில் எழுந்த சர்ச்சைக்குப் பிறகு அப்படியே நிறுத்தப்பட்டது. ஏற்பாட்டாளர் பணத்தைத் திருப்பித் தராவிட்டால் மலேசியப் பயனீட்டாளர் நடுவர் மன்றத்தில் கோரிக்கை பதியலாம். 50,000 ரிங்கிட் வரை கோரலாம், பதிவுக் கட்டணம் 5 ரிங்கிட், வழக்கறிஞர் தேவையில்லை. டிக்கெட், கட்டிய ரசீது, விளம்பரம் மூன்றையும் படமெடுத்து வைத்திருங்க.

நீங்களே நிகழ்ச்சி நடத்தினால்?

கல்லூரி மன்றத்திலோ கோயில் இளைஞர் பிரிவிலோ இருக்கீங்களா? மலாக்காவில் ஊராட்சி மன்றங்கள் நான்கு: மலாக்கா வரலாற்று மாநகர் மன்றம், ஹங் துவா ஜெயா, அலோர் காஜா, ஜாசின் நகராண்மைக் கழகங்கள். உங்க இடம் எதன் கீழ் வருகிறதோ, அங்கேதான் முதலில் கேட்க வேண்டும். காவல் நிலையத்துக்கும் தெரிவிக்க வேண்டும். வெளிநாட்டுக் கலைஞர் வருகிறார் என்றால் கூட்டரசு அமைப்பான புஸ்பாலின் அனுமதியும் தேவை.

உள்ளூர்க் குழு இளையராஜா பாட்டைப் பாடினாலும் அந்தப் பாட்டுக்கு உரிமையாளர் உண்டு. பொது நிகழ்ச்சியில் பாடுவதற்கான உரிமத்தை எம்.ஏ.சி.பி. போன்ற உரிம அமைப்புகள் தருகின்றன. அதைக் கவனிக்க வேண்டியவர் ஏற்பாட்டாளர்.

எல்லா அனுமதியும் இருந்தாலும் அக்கம்பக்கம் உண்டு. முன்பு தோட்டத்துக்கு நடுவில் இருந்த கோயிலைச் சுற்றி இப்போது தாமான் வந்திருக்கலாம். அங்கே குடியிருப்பவர்களுக்கு உங்க திருவிழா புதிது. ஒரு வாரம் முன்பே போய், எத்தனை மணிக்கு முடியும் என்று சொல்லுங்க. ஸ்பீக்கரை வீடுகளுக்கு எதிர்ப்பக்கமாகத் திருப்புங்க. சொன்ன நேரத்தில் நிறுத்துங்க. ஒரு வருடம் புகார் வந்தால் அடுத்த வருடம் அனுமதி கிடைப்பது கடினமாகும்.

சின்ன மேடை ஏன் முக்கியம்?

கிள்ளானில் பிறந்த மலேசியா வாசுதேவன் சென்னைக்குப் போகும் முன் இங்கே மேடை நாடகங்களில் நடித்தவர், பாடியவர். யோகி பி & நட்சத்திரா 2006இல் 'வல்லவன்' இசைத்தொகுப்பை வெளியிட்டதற்கு முன்னால், யோகி பி பொயட்டிக் அம்மோ குழுவோடு பல ஆண்டுகள் மேடை ஏறியிருந்தார். நேராகப் புக்கிட் ஜாலிலில் தொடங்கியவர் யாரும் இல்லை. ஆள் குறைவான, ஒலி சரியில்லாத, பாதியில் மைக் நின்றுபோகும் மேடையில்தான் எல்லாரும் கற்றுக்கொள்கிறார்கள்.

மலாக்காவில் அந்த மேடைகளின் நிலைமை இறுக்கமாகத்தான் இருக்கு. ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. வேலைக்கு ஆள் குறைந்தது. குடும்பங்கள் தாமான்களுக்கும் கிள்ளான் பள்ளத்தாக்குக்கும் ஜொகூருக்கும் போய்விட்டன. திருவிழாவுக்கு நன்கொடை தரும் வீடுகளும் குறைந்தன. செலவைக் குறைக்க வேண்டும் என்றால் நிர்வாகம் பூசையைக் குறைக்காது. கடைசி இரவின் இசைக்குழுதான் முதலில் வெட்டப்படும். குழுவுக்கு மேடை இல்லாவிட்டால் கீபோர்டு வாசிக்கும் பையனும் பாடும் பெண்ணும் வேறு வேலை பார்க்கப் போய்விடுவாங்க.

நீங்க செய்யக்கூடியது பெரிதாக ஒன்றுமில்லை, ஆனால் பயன் உண்டு. புக்கிட் ஜாலில் டிக்கெட்டுக்குச் சேர்த்த பணத்தில் ஒரு பத்து இருபது ரிங்கிட்டைத் தோட்டத்துத் திருவிழாவின் கலைநிகழ்ச்சி நிதிக்குக் கொடுங்க. வீடியோ போடும்போது குழுவின் பெயரையும் ஊரின் பெயரையும் சேர்த்து எழுதுங்க. அடுத்த கல்யாணத்துக்கு ஆள் தேடுபவர் அதைப் பார்த்துத்தான் அழைப்பார். நல்லா இருந்தால் நிகழ்ச்சி முடிந்ததும் வாசித்தவரிடம் போய்ச் சொல்லுங்க.

இந்த வருடம் உங்க குடும்பம் வந்த தோட்டத்தில் திருவிழா எப்போது? தெரியவில்லை என்றால், இன்றைக்கே அம்மாவிடமோ தாத்தாவிடமோ கேட்டு, தேதியைப் போனில் குறித்து வையுங்க.